எல்லாரும் கரைக்கு வந்தாச்சு

எங்கள் தொழிலில் விற்கிற சாமானை ஒருவருக்கும் தொட்டுக் காட்ட முடியாது. கெட்டுப் போனால் மட்டும் அது எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்.

நான் ஒருநாளும் காலடி வைக்காத ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கிற ஒரு கம்பெனியின் கணனியில் இடம் வாடகைக்கு எடுத்து, மற்றவர்களுடைய விபரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருக்கிறேன். டேட்டாபேஸ் என்பது அவ்வளவுதான். அதை எழுப்புவது, நிறுத்துவது, பிரதி எடுத்து வைப்பது எல்லாம் ஆரையம்பதியில் என் வீட்டு மேசையில் இருந்தபடி நடக்கும். அதற்கென்றே ஆக்கி வைத்த கட்டளைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, லைப்ரரி என்போம். நான் பைதன் என்கிற கணனிப் பாஷையில் இரண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதி ‘நிறுத்து’ என்றால், லைப்ரரி போய் அந்தக் கம்பெனிக்கு விளங்குகிற பாஷையில் சொல்லி நிறுத்திவிடும்.

இதை நான் வகுப்பில் இருந்து படிக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரீலோட் அட்டை விற்று, கொமினிகேசன் கடையில் ஊரார் கடிதங்களுக்கு ரைப் அடித்து, ஏமாந்து, ஏச்சு வாங்கி, பிறகு திருப்பி ஏசப் பழகி, அதற்கிடையில் படித்தது. இதே தொழிலில் கிடந்து உழல்கிற உங்களுக்கு என் கோபம் விளங்கும். நான் சொல்லப் போகிறது கோபத்தில் தொடங்கினாலும் கோபத்தில் முடியவில்லை.

வாடியில் லைட் அணைக்கிற நேரம்

ஓட்டமாவடி றஹீம் நானாவுக்கு, நானா என்றால் அங்கே அண்ணன், வாகரைக் கடற்கரையில் ஒரு மீன் வாடி இருக்கிறது. சுற்றுவட்டாரப் படகுகள் பிடிக்கிற மீனை அங்கேதான் எடை பார்த்து, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றுவார்கள். எந்தப் படகு எப்போது போனது, எப்போது வந்தது, என்ன மீன் கொண்டு வந்தது என்பதையெல்லாம் டேட்டாபேஸில் போட்டுத் தருகிறேன் என்று போனேன். நானா கேட்ட முதல் கேள்வி, “சாமான் எங்க இரிக்கி?” வெளிநாட்டில் என்றேன். “அப்ப அங்க ராவெல்லாம் அது சும்மா ஓடுறதுக்கும் நான்தானா வாடகை குடுக்கிற?” என்றார்.

பின்னேரம் நிறுத்தி, விடிய முதல் எழுப்பிவிடுகிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன், ஆனால் அந்த வேலைக்குக் கூலி தனி என்றேன். அதில் பேரம் தொடங்கியது. நானும் இறங்குகிறவள் இல்லை, அவரும் இல்லை. தேத்தண்ணி இரண்டு தரம் ஆறியது. கடைசியில், சரி, பின்னேரம் ஆறு மணிக்கு நிறுத்துகிறேன் என்றதும் மனுஷன் எழும்பி நின்றுவிட்டார். வாடிக்கு முன்னால் ஒரு கம்பில் தொங்கிய பல்பைக் காட்டி, இங்கே மணி பார்த்து நிறுத்துகிறதில்லை என்றார். பொழுது சாய அதைப் போடுவார்கள். கடலுக்குப் போன கடைசிப் படகும் வந்த பிறகுதான் அணைப்பார்கள்.

அதையே ஸ்கிரிப்டில் எழுதினேன். ‘வந்தது’ என்கிற கட்டம் எந்தப் படகுக்காவது வெறுமையாகக் கிடந்தால் நிறுத்தாதே. எல்லாம் நிரம்பியிருந்தால் நிறுத்து, நிறுத்திவிட்டு நானாவின் போனுக்கும் என் போனுக்கும் ஒரு மெசேஜ் போடு. மெசேஜை நானா ரசிக்க வேண்டுமென்று பேச்சிலேயே எழுதி வைத்தேன்: ‘எல்லாரும் கரைக்கு வந்தாச்சு. நான் படுக்கப் போறன்.’ அதை வாசித்துச் சிரித்த சிரிப்போடுதான் என் கூலிக்குத் தலையாட்டினார். ஆனால் படலை வாசல் வரைக்கும் வந்து இன்னொரு தரம் சொல்லி அனுப்பினார்:

“கடைசிப் படகு வராம லைட்ட அணைக்கிற பழக்கம் எங்கட வாடியில இல்ல தங்கச்சி. அத உங்கட மெசினுக்கும் நல்லாச் சொல்லி வைங்க.”

எழும்பப் பஞ்சிப்படுகிற மெசின்

வாடியில் விபரம் பதிகிறவள் யோகம். வாகரைக்காரி, கெட்டிக்காரி, வாய்க்காரி. அவளுடைய புருஷன் தவம் அதே வாடிக்கு மீன் போடுகிற படகுக்காரன். விடியப் படகுகள் போகிற நேரம் அவள் கணனியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

டேட்டாபேஸ் படுத்திருந்தால் ‘எழும்பு’ என்றதும் துள்ளி எழும்பாது. பஞ்சிப்பட்டு, சோம்பல் முறித்து, சில நிமிஷம் எடுக்கும். லைப்ரரியில் காத்திருப்பதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. “எழும்பிற்றியா, எழும்பிற்றியா” என்று அதுபாட்டில் கேட்டுக்கொண்டே நிற்கும். ஓரளவு கேட்டுப் பார்த்தும் பதில் வராவிட்டால் களைத்து, பிழை என்று சொல்லிவிட்டு விலகிவிடும். யோகத்துக்கு அந்த அளவு பொறுமையும் கிடையாது. ஒவ்வொரு நாளும் விடிய எனக்குப் போன்: “அக்கா, இன்னும் எழும்பல்ல.” ஒருநாள் நல்லாக ஏசிவிட்டேன். அது என்ன உன் வீட்டுக் கோழியா, கூட்டைத் திறந்ததும் பாய்ந்து வர என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் அசையவில்லை.

“கோவிக்காதீங்க அக்கா. எனக்கு இது பழக்கம்தான். என்ட புருசனையும் மூணு தரம் கூப்பிட்டாத்தான் எழும்புவாரு.”

காலில் மண்

ஒரு பின்னேரம் ‘எல்லாரும் கரைக்கு வந்தாச்சு’ என்று மெசேஜ் வந்தது. வந்து கொஞ்ச நேரத்தில் வாடியில் இருந்து போன். தவத்தின் படகு மீனோடு வந்து நிற்கிறது, பதிவதற்கு டேட்டாபேஸ் இல்லை. கட்டம் நிரம்பியதால்தானே படுத்தது, யார் நிரப்பியது என்று கேட்டேன். யோகம்தான். தூரத்தில் படகு வருகிற விதத்திலேயே அது அவருடைய படகு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததும் ‘வந்தது’ என்று போட்டுவிட்டு, சோறு சூடாக்கப் போய்விட்டாள். படகோ கடலுக்குள் இருக்கிற கல்லுக்குக் கிட்ட எஞ்சின் நின்று, துடுப்பு வலித்து வந்து சேரச் சுணங்கிவிட்டது.

“என்னகா இது, கண்ணுக்குத் தெரிஞ்சா வந்ததா? கடல்ல நிக்கிறவன் வந்தவனா?” என்று கத்தினேன். பின்னால் தவத்தின் குரல் கேட்டது. “ஆரு, அந்தச் சண்டைக்கார அக்காவா? என்னையும் ஒரு கட்டத்துக்குள்ள போட்டுப் பூட்டச் சொல்லு, ஒரு நாளைக்காவது கடலுக்குப் போகாமக் கிடக்கிறன்.” எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. இறங்கி, காலில் கரை மண் பட்ட பிறகுதான் அந்தக் கட்டத்தில் கை வைக்க வேண்டும், கடவுளே வந்து சொன்னாலும் அதற்கு முதல் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

“சரி அக்கா. இனி கால்ல மண் ஒட்டினாத்தான் வந்ததெண்டு போடுவன். அவரெண்டாலும் ஒண்டுதான், ஆரெண்டாலும் ஒண்டுதான்.”

திறந்து கிடந்த கட்டம்

வாடைக்காற்று தொடங்கப் போகிற நாட்கள். அந்த நேரம் கடலை நம்ப முடியாது. விடிய எழும்பி, வழமை போல என் டேட்டாபேஸ்களின் நிலையைக் கேட்டு ஸ்கிரிப்டை ஓட்டினேன். எல்லாம் சரி, வாடியுடையது மட்டும் இரவு முழுக்க ஓடியிருக்கிறது. மெசேஜும் வரவில்லை. பதிவைப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் பிழையில்லை. ஒரு கட்டம் வெறுமை.

எனக்கு ஏறியது. எத்தனை தரம் சொல்வது, படகு வந்ததும் பதியச் சொல்லி? போனை எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “யோகம், நேத்து ஆர்ட படகைப் பதிய மறந்த? ராவு முழுக்க மெசின் சும்மா ஓடியிருக்கு. ஆர் வாடகை கட்டுற?” என்று தொடங்கி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அந்தப் பக்கத்துக் காற்றின் இரைச்சலுக்குள்ளால் சொன்னாள்:

“நான் மறக்கல்ல அக்கா. அவர் இன்னும் வரல்ல.”

பேரம் பேசத் தெரியாதவர்கள்

கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று தவம் அன்று தனியாகப் போயிருக்கிறான். ஊர்ப் படகுகள் தேடின. கடற்படை தேடியது. காற்று இழுத்துக்கொண்டு போய்த் தூர தேசத்துக் கரையில் ஒதுக்கி, மாசங்கள் கழித்து உயிரோடு திரும்பி வந்தவர்களின் கதை இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆகையால் ஒருவரும் மற்ற வார்த்தையைச் சொல்லவில்லை. வாடி பல்பு பகலிலும் எரிந்தது. டேட்டாபேஸும் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றப் படகுகள் எல்லாம் வந்தாலும் அந்த ஒரு கட்டம் வெறுமை. அதனால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பின்னேரமும் பார்க்கும், நிறுத்தாமல் திரும்பிப் போகும்.

வாடகை ஏறியது. நானா வாய் திறப்பார் என்று காத்திருந்தேன், திறக்கவில்லை. நானே கதைத்தேன். அந்தப் படகை மட்டும் பார்க்காமல் விடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினால் போதும் என்றேன். பாக்குக்கும் பாதி விலை கேட்கிற மனுஷன், “அத எழுதச் சொல்லி எனக்கு வாய் வருகுதில்ல தங்கச்சி. அந்தப் புள்ள அந்தக் கட்டத்தப் பாத்துக் கொண்டிரிக்கி” என்று போனை வைத்துவிட்டார். யோகம் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் கணனியைத் திறந்ததும் முதலில் தவத்தின் வரியைத்தான் எடுத்துப் பார்ப்பாளாம்.

மிச்சம் இருந்தது, கணனியை வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரன். அவனுடைய உதவிப் பகுதிக்கு எழுதினேன். ஒரு மனுஷன் கடலில் இருக்கிறான், அவன் வருமட்டும் இதை நிறுத்த முடியாது, கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று. நான் பேரம் பேசாத இடம் இல்லை. மீன் சந்தை, புடவைக் கடை, வைத்தியரின் வாசல், எங்கேயும் எதிரில் ஒரு முகம் இருக்கும். கோபமோ இரக்கமோ ஏதோ ஒன்று அதில் அசையும். இங்கே முகமே இல்லை. பதில் மட்டும் உடனே வந்தது, மிகவும் மரியாதையாக:

“உங்கள் நிலைமை எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. இதைத் தவிர வேறு ஏதாவது உதவி தேவையா?”

தானாக எழும்பியது

பிறகு காற்று முற்றிவிட்டது. ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை, வாடியில் மீன் இல்லை. யாருக்கும் தேவையில்லாத நேரத்தில் ஏன் ஓட வேண்டும் என்று, ஸ்கிரிப்டை ஒதுக்கி வைத்துவிட்டு என் கையாலேயே டேட்டாபேஸை நிறுத்தினேன். அழிக்கவில்லை, கட்டத்தைத் தொடவில்லை, படுக்க வைத்தேன், அவ்வளவுதான். அடுத்த நாள் விடிய யோகம் போன் எடுத்தாள். “அக்கா, திறக்குதில்ல. அவர்ட வரியப் பாக்க ஏலாம இரிக்கு.” திருத்த வேலை நடக்கிறது என்றேன். சரி என்றாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அது எனக்கு ஏச்சை விடக் கஷ்டமாக இருந்தது.

தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையால் நிறுத்தினாலும் ஒரு கிழமைக்கு மேல் நிறுத்தி வைக்கக் கம்பெனி விடாது. ஏழு நாள் கழிந்ததும் டேட்டாபேஸைத் தானே எழுப்பிவிடும். அது அவர்களுடைய சட்டம். அலைச்சலில் எனக்கு அது மறந்தே போய்விட்டது. எட்டாம் நாள் போன் அடித்தது. யோகத்தின் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. தவம் போனதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கம்பெனிச் சட்டத்தை விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

“அக்கா, நீங்க ஒண்டும் செய்யல்லத்தானே? அது தானாவே எழும்பிற்று. மூணு தரம் கூப்பிடவும் இல்ல, தானா எழும்பிற்று அக்கா.”

வாகரை பஸ்

அதோடு எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஏறி வாகரைக்குப் போனேன். வாவியைத் தாண்டி, ஓட்டமாவடியையும் தாண்டி, வெயிலில் போகிற நெடுந்தூரம் முழுக்க என்ன சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனேன். பேரத்துக்குப் போகிறவள் கையில் இரண்டு மூன்று விலை வைத்திருக்க வேண்டும். வந்தது, வரவில்லை என்று இரண்டு மட்டும் வேண்டாம். ‘தேடப்படுகிறது’ என்று புதுக் கட்டம் ஒன்று சேர்க்கலாம். இல்லை, அவனுடைய வரியை மட்டும் தனியாக ஒரு பிரதியில் பத்திரமாக வைக்கலாம். அதுவும் இல்லை என்றால் நானாவும் நானும் வாடகையைப் பங்கு போடலாம்.

யோகம் வாடி மேசையில் இருந்தாள். இளைத்திருந்தாள். பிளேன் டீ ஊற்றித் தந்தாள். என் மூன்று விலையையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையைத்தான் ஆட்டினாள், இல்லை என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீயும் சாப்பிடுறல்ல, மாமிக்காரி கிரியை செய்ய வேணுமெண்டு அழுறா, அதுக்கும் விடுறியில்ல. ஒரு வெறுங் கட்டத்தக் கட்டிப் பிடிச்சுக் கொண்டு என்னகா செய்யப் போற?” என்று, சொல்லக் கூடாத சத்தத்தில் சொன்னேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

அவள் கோபிக்கவில்லை. சுனாமியில் அவளுடைய அண்ணனைக் காணவில்லையாம். செத்தவர்களோடு சேர்த்து அவன் பெயரையும் எழுதிவிட்டார்கள். எழுதியதும் தேடப் போன சொந்தக்காரர் எல்லாரும் திரும்பி வந்து, அழுதுவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணன் கால் முறிந்து வேறு ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான், யாரும் வராமல். கடைசியில் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு அவனாகத்தான் வீடு வந்தானாம். இதைச் சொல்லிவிட்டு என் கோப்பையை எடுத்துக் கழுவப் போனவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“எழுதிற ஆக்களுக்கு அது ஒரு கட்டம் அக்கா. எழுதினாப் பொறகு ஆரும் தேடுறல்ல.”

மண் ஒட்டியது

காற்று விழுந்து, கடல் பழையபடி அடங்கி, படகுகள் போகத் தொடங்கி, நான் ஸ்கிரிப்டையும் பழையபடி ஓட விட்ட பிறகு ஒருநாள். ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பிய பெரிய படகொன்று, தூரத்தில் மிதந்துகொண்டிருந்த சின்னப் படகைக் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்து வாகரைக்கு நேரே விட்டுப் போனது. நானாவின் ஆட்கள் போய்க் கரைக்குக் கொண்டு வந்தார்கள். தவத்தின் படகு. எஞ்சின் இருந்தது. வலை இருந்தது. ஆள் இல்லை.

நானாதான் எனக்கு முதலில் போன் எடுத்தார். வாடியில் எல்லாரும் நிற்கிறார்கள், யோகம் அழவில்லை, படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறாள் என்றார். இனி அந்த வரியை நீங்களே பார்த்துச் செய்யுங்கள் தங்கச்சி, அவளைச் செய்ய வைக்க வேண்டாம் என்றார். சரி என்றேன். கணனிக்கு முன் இருந்தேன். ஒரு வரி ஸ்கிரிப்ட். எத்தனையோ பேருடைய எத்தனையோ வரிகளை மாற்றியிருக்கிறேன், அழித்திருக்கிறேன். விரல் போகவில்லை.

அப்போது யோகம் போன் எடுத்தாள். “அக்கா, நீங்க ஒண்டும் தொடாதீங்க. நான்தான் போனதெண்டு போட்ட. நான்தான் மத்ததும் போடுவன்.” நான் ஏதாவது சொல்ல வேண்டும். கடைசியில், “கால்ல மண் ஒட்டாமப் போடாத எண்டு நான்தானே புள்ள சொன்ன, நீ போடாட்டியும் பரவாயில்ல” என்றேன்.

“படகுக்கு மண் ஒட்டிற்று அக்கா. அது படகுக்குரிய கட்டம்தானே. நான் போடுறன்.”

அன்று பொழுது சாய, ஸ்கிரிப்ட் வழமை போல வந்து பார்த்தது. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. டேட்டாபேஸை நிறுத்தியது. என் போன் ஒரு தரம் அதிர்ந்தது, நான் எடுக்க முதலே திரையில் எழுத்து வந்துவிட்டது: ‘எல்லாரும் கரைக்கு வந்தாச்சு. நான் படுக்கப் போறன்.’ நானாவின் போனிலும் அதே நேரம் வந்திருக்கும். வாடியில் அந்த நேரம் பல்பை அணைத்தது யார் என்று நான் கேட்கவில்லை; நானா தானாகவே சொன்னார், ஒருவரும் அணைக்கவில்லை, விடிய வந்து பார்த்தால் பல்பு கருகிக் கிடந்தது என்று.

அடுத்த நாள் மெசேஜில் ‘எல்லாரும்’ என்பதை எடுத்துவிட்டு ‘எல்லாப் படகும்’ என்று போட்டேன். ஒரு வரிக்கும் கூலி விடாத நான், என் தொழிலில் கூலி கேட்க வாய் வராமல் செய்து கொடுத்த ஒரே திருத்தம் அதுதான்.